பிள்ளைக்குக் காய்ச்சல், இருவருக்கும் வேலை: முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியவை

நான் சம்பளக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கணவர் பேருந்து ஓட்டுநர். மாதக் கடைசியில் என்னால் இருக்கையை விட்டு எழுந்திருக்க முடியாது. வண்டியை எடுத்துவிட்டால் அவரால் போனைத் தொட முடியாது. இதற்கு நடுவில்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் மாறி மாறிக் காய்ச்சல் வரும்.

சின்னக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். பள்ளிக்கோ காப்பகத்துக்கோ போகத் தொடங்கும் முதல் வருஷத்தில் இன்னும் கூடலாம். அப்படியென்றால் இது எதிர்பாராத விஷயமே இல்லை. தேதி மட்டும்தான் தெரியாது. அதனால் ஏற்பாடுகளைப் பிள்ளை நன்றாக ஓடியாடும் நாளிலேயே செய்துவிட வேண்டும். காலை 6 மணிக்கு, உடம்பு கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு "இன்னைக்கு நீ லீவா, நானா?" என்று பேசத் தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும்.

முதலில் அந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் அதிகமாக வாங்குபவர் வேலைக்குப் போகட்டும் என்று வைத்தால், ஒவ்வொரு தடவையும் ஒரே ஆள்தான் லீவு போடுவார். பெரும்பாலும் அது அம்மாதான். வருஷம் பாதி தாண்டுவதற்குள் அவருக்கு விடுப்பும் தீர்ந்துவிடும், அலுவலகத்தில் பேரும் கெட்டுவிடும். நாங்கள் வேறு மாதிரி செய்கிறோம். வாரக் கடைசியில் இருவருடைய அடுத்த வார வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நாளுக்கும் "முதல் ஆள்" யார் என்று குறித்துவிடுகிறோம். கேள்வி ஒன்றே ஒன்று: அன்றைய வேலையை வேறொருவர் செய்ய முடியுமா, அல்லது நாளைக்குத் தள்ள முடியுமா? சம்பளம் போடும் நாள் என்னுடையது. மாற்று ஓட்டுநர் கிடைக்காத நாள் அவருடையது. மீதி நாட்கள் முறை வைத்து.

முழு நாள் லீவாகவே யோசிக்காதீர்கள். அவர் அதிகாலை ஷிப்ட் முடித்து வந்ததும் நான் மதியத்துக்கு மேல் கிளம்பினால், அரை நாள் விடுப்போடு ஒரு நாள் ஓடிவிடும். மேலாளர்களும் அரை நாளைச் சுலபமாகக் கொடுப்பார்கள்.

பள்ளிப் படிவத்தில் முதல் போன் எண் யாருடையது என்று இன்றைக்கே பாருங்கள். எடுக்கக்கூடியவர் எண்தான் முதலில் இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் போக முடியாவிட்டால் பிள்ளையை அழைத்துவர யாருக்கு அனுமதி என்பதையும் எழுத்தில் கொடுத்து வையுங்கள். துணையில்லாமல் தனியாக வளர்ப்பவர்களுக்கு இது உயிர்நாடி: அதே வகுப்பில் இன்னொரு பெற்றோரோடு "உன் பிள்ளைக்கு நான், என் பிள்ளைக்கு நீ" என்று பேசி வைத்துக்கொள்ளலாம்.

அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பும்போது கதை வேண்டாம். எத்தனை டிகிரி, ராத்திரி எத்தனை தடவை எழுந்தோம் என்பதெல்லாம் மேலாளருக்கு உதவாது. நான் அனுப்புவது இப்படி இருக்கும்: "பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டேன். மதியத்துக்குள் போக வேண்டிய கோப்பு பொது ஃபோல்டரில் இருக்கிறது, பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிட்டேன். நாளை நிலவரத்தை இன்று மாலை 6 மணிக்குள் சொல்கிறேன்." வேலை எங்கே நிற்கிறது, யார் பார்ப்பார், அடுத்த தகவல் எப்போது, இவ்வளவு போதும். வீட்டிலிருந்து பார்க்க முடிகிற வேலையாக இருந்தால், "வழக்கம்போல் பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை தூங்கும் நேரத்தில் இரண்டு மணி நேரம் என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

கெஞ்சும் தொனியும் வேண்டாம். பிள்ளை நோய்ப்பட்டால் வேலை பார்க்கும் பெற்றோர், ஆணோ பெண்ணோ, விடுப்பு எடுக்க வழி இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1981-லேயே தன் 165-ஆம் பரிந்துரையில் எழுதிவிட்டது. அது பரிந்துரைதான், சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் உங்கள் நிறுவனத்தில் சொந்த நோய்க்கான விடுப்பைப் பிள்ளைக்காக எடுக்கலாமா, மருத்துவச் சான்று எத்தனை நாளுக்கு மேல் கேட்பார்கள் என்பதை இப்போதே மனிதவளப் பிரிவிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அப்பாக்களும் கேளுங்கள். ஆண்கள் கேட்கக் கேட்கத்தான் இது பெண்களின் பிரச்சினை என்ற எண்ணம் அலுவலகங்களில் போகும்.

இனி, நான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைப்பது: ஒரு நோட்டுப் புத்தகம். பிள்ளையை இருவர், மூவர் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில் பெரிய ஆபத்து, மருந்து இரண்டு தடவை போவதுதான். அவர் கொடுத்துவிட்டு டிப்போவுக்குப் போயிருப்பார். எனக்குத் தெரியாமல் நானும் கொடுத்துவிடலாம். எங்கள் நோட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கயிற்றில் தொங்குகிறது, பேனாவும் அதிலேயே கட்டியிருக்கிறது. பக்கத்தின் தலையில் பிள்ளையின் எடை. கீழே நேரம், வெப்பம், என்ன மருந்து, எத்தனை மி.லி., என்ன குடித்தது, சிறுநீர் போனதா, கொடுத்தவர் பெயர். எழுதிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

எடை எதற்கென்றால், பாராசிட்டமால் வயதைவிட எடையைப் பார்த்துத்தான் சரியாக அமையும்: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. அடுத்த வேளைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. பாட்டிலில் எழுதியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 180 மி.கி. முதல் சிரப்பில் அது ஏழரை மி.லி., இரண்டாவதில் சுமார் மூன்றரைதான். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து சிலவற்றில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். ஆகவே "ஒரு மூடி கொடுத்தேன்" என்று போனில் சொல்வதில் அர்த்தமில்லை. வீட்டில் ஒரே அடர்த்தி மட்டும் வையுங்கள், சமையல் கரண்டியை விட்டு அளவு சிரிஞ்சில் கொடுங்கள், மருத்துவர் சொன்ன மி.லி.யை நோட்டின் மேலேயே எழுதுங்கள். சளி மருந்து சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். லேபிளைப் பார்க்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

பார்த்துக்கொள்ளும் பாட்டியோ அண்டை வீட்டு அக்காவோ எப்போது உங்களைக் கூப்பிட வேண்டும், எப்போது உங்களுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை அதே நோட்டின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலே உடனே போக வேண்டும், மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்பதே கிடையாது. மற்றப் பிள்ளைகளுக்கு: எழுப்பினால் சரியாக விழிக்காதது, எதைக் குடித்தாலும் வாந்தி, அழுதும் கண்ணீர் வராதது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத தடிப்பு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல் நேரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். முதல் வலிப்பென்றால் உடனே நின்றாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மூச்சை எண்ணவும் கற்றுக்கொடுங்கள். பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2 மாதம் முதல் 1 வயது வரை நிமிடத்துக்கு 50-ஓ அதற்கு மேலோ, 1 முதல் 5 வயது வரை 40-ஓ அதற்கு மேலோ போனால் அது வேக மூச்சு. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்புங்கள்.

இரவைப் பாதியாகப் பிரியுங்கள். 10 முதல் 2 ஒருவர், 2 முதல் 6 இன்னொருவர், முறையில்லாதவர் வேறு அறையில். காலையில் பேருந்து ஓட்டுபவர் இரவெல்லாம் விழித்திருந்தால் அது அந்த வண்டியில் ஏறும் எல்லோருக்கும் ஆபத்து.

திரும்பப் பள்ளிக்கு எப்போது? மருந்து இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம். சின்னம்மை என்றால் எல்லாக் கொப்புளமும் பொருக்கு கட்டிய பிறகு. காலையில் ஒரு வேளை சிரப் கொடுத்து அனுப்பிவிட்டு மதியம் வரை சமாளிக்கலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். வேலை நெருக்கடி அப்படி. ஆனால் 11 மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வரும், அதற்குள் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டியிருக்கும். அந்த வீட்டிலும் யாரோ ஒருவர் லீவு கேட்டு நிற்பார்.

குணமானதும் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் தீர்ந்திருந்தால் வாங்கி வையுங்கள்; திறந்த சிரப்பின் மேல் திறந்த தேதியை எழுதுங்கள்; தெர்மாமீட்டர் பேட்டரியைப் பாருங்கள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பிள்ளையை மறுபடி எடை பார்த்து எழுதிவிடுங்கள்.