விமான விபத்து நடந்த இடம்: விசாரணைக் குழு வரும்வரை என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

விமானம் விழுந்ததும் விசாரணைக் குழு வந்து நிற்காது. சில மணி நேரம் ஆகும், ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரை அந்த இடம் தீயணைப்பு வீரர்கள், போலீஸ், விமான நிலைய ஊழியர்கள் பொறுப்பில்தான். அந்தப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இந்த விளக்கம்.

1. முதலில் உயிர்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13-ஆம் இணைப்பு, விபத்து நடந்த நாடு தடயங்களைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஆட்களை மீட்கவும், தீயை அணைக்கவும், ஆபத்தை நீக்கவும் சிதைவுகளை நகர்த்தலாம் என்று அதுவே அனுமதிக்கிறது. அதனால் தடயம் கலைந்துவிடுமே என்று மீட்பில் தயங்கவே வேண்டாம். கலைத்ததைச் சொல்லாமல் விடுவதுதான் சிக்கல்.

ஒரு பயணியை வெளியே எடுக்கிறீர்கள் என்றால், முடிந்தால் சீட் பெல்ட்டின் பட்டையை அறுங்கள், கொக்கியைக் கழற்றாதீர்கள். அவர் பெல்ட் போட்டிருந்தாரா, கொக்கி தாங்கியதா என்பதற்கு அதுதான் சாட்சி. வழியில் இருக்கும் கேபிளை வெட்டினால், வெட்டிய முனையில் பெயிண்டோ டேப்போ வைத்து அடையாளம் போடுங்கள். இல்லையென்றால் அது விபத்தில் அறுந்ததா, மீட்பில் அறுந்ததா என்று பிறகு யாராவது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். விமானி அறையில் எந்த சுவிட்சையாவது திருப்ப வேண்டி வந்தால், முன்பு எந்த நிலையில் இருந்தது என்று முதலில் ஒரு போட்டோ எடுங்கள். நேரமே இல்லையா? பிறகு நினைவிலிருந்தாவது எழுதிவையுங்கள்.

உயிரிழந்தவர்களின் விஷயம் வேறு. உடல் கிடந்த இடத்தைப் படமெடுத்து, எண் கொடுத்துப் பதிவு செய்யாமல் நகர்த்த வேண்டாம்.

2. உங்கள் பாதுகாப்பு

தீ அணைந்துவிட்டது என்றால் ஆபத்து முடிந்தது என்று அர்த்தமில்லை. எரிந்த கார்பன் ஃபைபர் நுண்ணிய இழைகளாக உதிரும், நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. முகக்கவசம், கையுறை, கண்ணாடி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஆக்சிஜன் சிலிண்டர், அழுத்தம் ஏறிய டயர், பேட்டரி எல்லாம் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். சில சிறிய விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் உண்டு. அதை வெளியே தள்ளுவது ஒரு ராக்கெட். அது வெடிக்காமல் கிடந்தால் தூர விலகி, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

3. வளையம் போடுதல்

சிதைவுக் குவியலைச் சுற்றி மட்டும் கயிறு கட்டுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. முதலில் மூக்கு, வால், இரண்டு இறக்கை முனைகள் நான்கும் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தால், அது விமானம் வந்த வழியில் எங்கோ பின்னால் கிடக்கலாம். 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த யுனைடெட் 232 விமானத்தில் முதலில் உடைந்தது வால் பக்க என்ஜினின் விசிறி இதழ்களைத் தாங்கும் தட்டு. அது சுமார் 3 மாதம் கழித்து, விழுந்த இடத்திலிருந்து வெகு தொலைவில் ஒரு சோளக்காட்டில் கிடைத்தது. ஓடுபாதையும் வளையத்துக்குள் வர வேண்டும். 2000-இல் பாரிஸில் விபத்துக்குள்ளான கான்கார்ட் விமானத்தின் டயரைக் கிழித்தது, வேறொரு விமானத்திலிருந்து விழுந்து ஓடுபாதையில் கிடந்த சுமார் 43 செ.மீ. உலோகப் பட்டை. சாதாரண நாளில் அதைக் குப்பை என்று பெருக்கித் தள்ளியிருப்பார்கள்.

உள்ளே போக ஒரே ஒரு வழி. அங்கே ஒருவர் நோட்டுடன் நிற்க வேண்டும்: பெயர், துறை, போன நேரம், வந்த நேரம். அமைச்சர் வந்தாலும் எழுதிவிட்டுத்தான். இதில் மட்டும் வெட்கம் பார்க்காதீர்கள்.

4. அழியப்போவதை முதலில் படமெடுங்கள்

உலோகம் நாளைக்கும் இருக்கும். தரையில் பட்ட டயர் தடம், இறக்கையில் படிந்த பனிக்கட்டி, சேற்றில் விழுந்த கீறல் எல்லாம் மழைக்கும் வெயிலுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் தாங்காது. முதலில் தூரத்திலிருந்து நாலா பக்கமும், பிறகு நெருங்கி, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள். விமானத்துக்கு எரிபொருள் நிரப்பிய வண்டியையும் அப்படியே நிறுத்திவைத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

5. கருப்புப் பெட்டி

நிறம் ஆரஞ்சு. தீயோ வெள்ளமோ நெருங்கினால் ஒழிய, கண்ட இடத்திலேயே காவல் போட்டால் போதும். திறக்கவே கூடாது. தண்ணீரிலிருந்து எடுத்திருந்தால் துடைத்துக் காயவைக்காதீர்கள், நல்ல தண்ணீர் நிறைந்த பெட்டியில் மூழ்கவைத்துக் கொடுங்கள்.

விமானம் உடையாமல் தரையிறங்கிய சம்பவங்களில் இன்னொரு வேலை உண்டு. மின்சாரம் இருக்கும்வரை, விமானி அறைப் பேச்சைப் பதியும் கருப்புப் பெட்டியான குரல் பதிவுக் கருவி பழையதை அழித்துப் புதியதைப் பதிந்துகொண்டே இருக்கும். 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 1282 விமானத்தில், பயன்படாத கதவு இடத்தை மூடியிருந்த தடுப்பு பிய்ந்து போனபோது, 2 மணி நேரப் பதிவு முழுக்க இப்படித்தான் அழிந்தது. பராமரிப்புப் பொறியாளரை உடனே அழைத்து, அந்தக் கருவியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை இழுக்கச் சொல்லுங்கள்.

6. பார்த்தவர்கள்

பெயர், போன் எண், எங்கே நின்று பார்த்தார் என்பது போதும். அவர்கள் கூடிப் பேச ஆரம்பித்தால் ஒருவர் பார்த்தது இன்னொருவர் நினைவில் ஏறிவிடும், தனித்தனியாக உட்கார வையுங்கள். செல்போன் வீடியோ இருந்தால் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விபத்துக்கு என்ன காரணம் என்று நீங்கள் எதுவும் பேச வேண்டாம், பத்திரிகையாளர்களிடம் அறவே கூடாது.

7. ஒப்படைப்பு

விசாரணைக் குழு வந்ததும் அவர்கள் முதலில் கேட்பதில் ஒன்று, "எதையெல்லாம் நகர்த்தினீர்கள்?" நகர்த்தியது, வெட்டியது, திருப்பியது, தண்ணீரோ நுரையோ அடித்த இடம், யார், எப்போது என்று எழுதிய பட்டியலும் நுழைவு நோட்டும் படங்களும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம் கயிற்றை அவிழ்ப்பது அவர்கள் எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகுதான்.