சேனல் கெளுத்தி பிடிப்பது எப்படி: கடித்ததும் சுண்டாதீர்கள்

டாலஸுக்கு வடக்கே இருக்கும் ரே ராபர்ட்ஸ் ஏரிக்கரையில் போன கோடையில் ஐந்து சனிக்கிழமை தொடர்ந்து உட்கார்ந்தேன். மீன் கடித்தது, ராடு வளைந்தது, ஒன்றுகூடக் கரையேறவில்லை. ஆறாவது வாரம் ஒரே காலையில் நான்கு சேனல் கெளுத்தி (அமெரிக்க ஏரிகளில் கிடைக்கும் கெளுத்தி வகை). நடுவில் மாறியது என் கைப்பழக்கம் மட்டும்தான்.

இடம்

முதல் தடவைக்கு மாநிலப் பூங்காவுக்கே போங்கள். டெக்சாஸில் மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம். நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவையும் தைரியமாகக் கூட்டிப் போகலாம். ஒரு நாளைக்கு எத்தனை மீன் எடுக்கலாம் என்ற கணக்கு மட்டும் அங்கேயும் உண்டு. அது ஏரிக்கு ஏரி மாறும் என்பதால் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

சாமான்

7 அடி மீடியம் ஹெவி ராடு, நடுத்தர ஸ்பின்னிங் ரீல், 15 பவுண்டு தாங்கும் தங்கூஸ். விலை உயர்ந்த ராடு இதற்குத் தேவையே இல்லை. என்னைக் கேட்டால் அக்ளி ஸ்டிக் வாங்குங்கள், எவ்வளவு வளைந்தாலும் தாங்குகிறது.

தங்கூஸில் முதலில் ஓட்டையுள்ள ஈயக்குண்டு, அடுத்து ஒரு பாசிமணி, அதற்கடுத்து ஸ்விவல் (தங்கூஸ் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு வளையம்). ஸ்விவலின் மறுபக்கம் ஒன்றரை அடித் தங்கூஸ், அதன் நுனியில் 2/0 அளவு சர்க்கிள் ஹூக் (வட்டமாக வளைந்த தூண்டில் முள்). ஈயம் தடையில்லாமல் ஓட வேண்டும். இரையை இழுத்துப் போகும் மீனுக்கு ஈயத்தின் கனம் தெரியக் கூடாது.

இரை

கெளுத்திக்கு உடம்பு முழுக்கச் சுவை மொட்டுகள், எட்டு மீசையிலும் நிறைய. கலங்கல் தண்ணீரில்கூட வாசனையை வைத்தே இரையைத் தேடி வரும். அதனால் மண்புழு அல்லது கோழி ஈரல். கடையில் டப்பாவில் விற்கும் நாற்றப் பசை எனக்குப் பிடிக்காது. கைநாற்றம் இரண்டு நாள் போகாது. இரை எதுவானாலும் முள்முனை வெளியே தெரியட்டும். முனையை மூடிவிட்டால் முள் மாட்டாது.

என்னைத் தோற்கடித்த இடம்

நாம் ஊரில் வாய்க்காலில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி மீன் பிடித்தவர்கள். தக்கை அமுங்கியதும் வெடுக்கென்று சுண்டுவோம். சாதாரண முள்ளுக்கு அதுதான் சரி. சர்க்கிள் ஹூக்கின் முனையோ உள்பக்கம் வளைந்து தன் தண்டையே பார்த்துக்கொண்டு நிற்கும். மீன் இரையை விழுங்கித் திரும்பிப் போகும்போது தங்கூஸ் இறுகும், முள் வழுக்கிக்கொண்டு வந்து வாயோரத்தில் தானாக மாட்டும். மீன் திரும்பும் முன் சுண்டினால், எதிலும் பிடிக்காமல் வாயைவிட்டு வெளியே வந்துவிடும். நான் ஐந்து வாரமும் செய்தது இதைத்தான்.

ஆகவே ராடைத் தாங்கியில் நட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். நுனி டக் டக்கென்று ஆடும்போது தொடவே வேண்டாம். ராடு வளைந்து வளைந்தபடியே நின்றால் மீன் மாட்டிவிட்டது. அப்போது எடுத்து, சுண்டாமல், நிதானமாக ரீலைச் சுற்றுங்கள். மனசு பதறும், கை துறுதுறுக்கும். பொறுங்கள். இப்படி மாட்டும் மீனுக்குத் தொண்டை கிழியாது என்பதால் சின்னதை உயிரோடு திருப்பி விடவும் முடிகிறது.

ஆழம்

ஆழத்தில்தான் பெரிய மீன் என்று ஜூலையில் தூரமாக வீசாதீர்கள். கோடையில் ஏரித் தண்ணீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடு, கீழே குளிர். கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீன் அங்கே தங்காது. பத்துப் பதினைந்து அடி ஆழத்துக்குள், விடியலிலோ பொழுது சாய்ந்த பிறகோ போடுங்கள்.

கையில் எடுக்கும்போது

கெளுத்தியின் துடுப்புகளில் முள் உண்டு: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. சிறிய கெளுத்தியின் முள்தான் அதிகக் கூர்மை. பக்கத் துடுப்புகளுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்துப் பிடியுங்கள். குத்திவிட்டால் கடுக்கும், பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும்.

செதில் கிடையாது. இடுக்கியால் தோலை உரித்து, சதையின் பக்கவாட்டில் ஓடும் சிவப்புப் பட்டையையும் சீவி எடுங்கள். சேற்று வாடை பெரும்பாலும் போய்விடும். பிறகு புளிக்குழம்புக்கு நம்மூர்க் கெளுத்திபோலவே இருக்கும்.

பின்சேர்க்கை

ஈரல் வீசும்போதே கழன்று விழுகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். பழைய நைலான் காலுறைத் துண்டில் சின்னப் பொட்டலமாகக் கட்டி முள்ளில் குத்துங்கள். வாசனை வெளியே போகும், ஈரல் போகாது.

டிரினிட்டி ஆற்றில் பிடித்துச் சாப்பிடலாமா என்றும் ஒருவர் கேட்டார். டாலஸ், போர்ட் வொர்த் நகரங்களை ஒட்டி ஓடும் பகுதியில் மீனில் பி.சி.பி., டயாக்சின் என்ற நச்சு வேதிப்பொருள்கள் சேர்ந்திருப்பதால் மாநில சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டிருக்கிறது. அங்கே பிடித்தால் ஆற்றிலேயே விட்டுவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள்.