எடை குறைந்தும் சிஆர்பி குறையவில்லையா? அறிக்கையைப் படிக்கையில் நேரும் தவறுகள்

உடற்பருமன் உள்ள ஒருவர் பல மாதம் பாடுபட்டு எடையைக் குறைத்துவிட்டு, உடலின் அழற்சியும் தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையோடு ரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் கூடும் புரதமான சிஆர்பி (சி-ரியாக்டிவ் புரதம்), முன்பு லிட்டருக்கு 5 மில்லிகிராமாக இருந்தது, இப்போது 14 என்று வருகிறது. பட்ட பாடெல்லாம் வீண் என்று அவர் மனமுடைந்து போகிறார். நான்கு நாளைக்கு முன் வந்துபோன காய்ச்சல் அவர் நினைவுக்கே வருவதில்லை.

நான் முதன்மையாகக் கருதும் தவறு இதுதான். சிறு தொற்று, பல் ஈறு வீக்கம், காயம் என எதுவும் சிஆர்பியை ஏற்றிவிடும். அளவு 10-ஐத் தாண்டினால், காரணம் என்னவென்று பார்த்து, அது தணிந்த பின் இரண்டு வாரம் கழித்து மறுபடி பரிசோதிப்பதே முறை. பருமனால் வரும் அழற்சியை அளக்க, சாதாரண சிஆர்பியைவிட, மிகக் குறைந்த அளவையும் காட்டும் உயர் உணர்திறன் சிஆர்பி பரிசோதனையே பொருத்தமானது.

கொழுப்பை எப்படி நீக்கினாலும் பலன் ஒன்றே என்று நினைப்பது அடுத்த தவறு. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பு, அதை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையான லைப்போசக்‌ஷன் மூலம் ஏறக்குறைய 10 கிலோ அளவுக்கு அகற்றப்பட்டது. 10 முதல் 12 வாரம் கழித்துப் பார்த்தபோதும் சிஆர்பியிலோ, அழற்சியைத் தூண்டும் பொருள்களான இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா ஆகியவற்றிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. உணவைக் குறைத்தும் உடற்பயிற்சி செய்தும் எடை இழக்கும்போதோ, எஞ்சியிருக்கும் கொழுப்பு செல்கள் சுருங்குகின்றன. குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் படிந்த கொழுப்பு கரைகிறது. அளவுக்கு மீறி உப்பிய கொழுப்பு செல்கள் மடியும் இடங்களில் நோயெதிர்ப்பு செல்கள் வளையமாகச் சூழ்ந்து அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றுள் ஒன்றான இன்டர்லூகின்-6 கல்லீரலை அடைந்து சிஆர்பியை உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. ஆகவே எடைக்கருவியோடு இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துக் கவனிப்பது நல்லது.

கொலஸ்ட்ராலுக்குத் தரப்படும் ஸ்டாட்டின் மாத்திரை சிஆர்பியைக் குறைக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கூட்டும். இரண்டு அறிக்கைகளுக்கு இடையே மருந்து மாறியிருந்தால், மாற்றம் முழுவதையும் எடையின் கணக்கில் எழுதக் கூடாது.

முயற்சி ஏதும் இல்லாமலே எடை இறங்கி, சிஆர்பி மட்டும் ஏறிக்கொண்டே போனால், அதை எடைக் குறைப்பின் பலனாக எண்ணி மகிழ்ந்துவிடக் கூடாது; காசநோய், புற்றுநோய் போன்றவையும் இப்படித் தலைகாட்டுவதால், அந்த நிலையில் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடுவது ஆபத்து.