லீவுக்கு வந்து நகை எடுக்கும் தம்பிகளுக்கு

டிசம்பர் பிறந்தால் நாகர்கோவிலில் நான் நிற்கிற நகைக்கடை கவுண்டருக்கு ஒரே மாதிரி ஆட்கள்தான் வருவார்கள். கல்ஃபிலிருந்து லீவில் வந்த தம்பி, பக்கத்தில் அம்மா, கிறிஸ்மஸுக்குள் எடுத்துவிட வேண்டும் என்கிற பரபரப்பு. பதினைந்து வருடத்துக்கு முன்னால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நானும் அப்படித்தான் நின்றேன். பில் வாங்கு, நாலு கடை ஏறி இறங்கு என்பதெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். அதை விடுகிறேன். அம்மா சொல்லாத, நகை எடுக்கும்போது தம்பிகள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கல்லைத் தங்க விலைக்கு வாங்குவது

குவைத்திலிருந்து முதல் லீவில் வந்தபோது அம்மாவுக்கு ஒரு கல் நெக்லஸ் எடுத்தேன். தராசு 24 கிராம் காட்டியது. "கரெக்டா மூணு பவுன், தம்பி" என்றார் கடைக்காரர். எனக்கும் அந்த முழுக்கணக்கு பிடித்துப்போனது. மொத்த எடைக்கும் தங்க விலை, அதற்கு மேல் 18 சதவீதம் சேதாரம்.

நாலு வருடம் கழித்துத் தங்கச்சி கல்யாணத்துக்கு அதை மாற்றப் போனேன். வேறொரு கடை. அங்கே இருந்த ஆசாரி கல்லை ஒவ்வொன்றாக நெம்பி ஒரு காகிதத்தில் தட்டினார். சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி, கூடவே அரக்குத் தூள். மிச்சத்தைத் தராசில் வைத்தால் 21 கிராம்.

சேதாரம் 4.32 கிராமையும் சேர்த்து 28.32 கிராமுக்குக் காசு கொடுத்திருக்கிறேன், கையில் நின்றது 21. இன்றைக்கு உள்ள 3 சதவீத ஜிஎஸ்டியையும் போட்டால் நட்டம் ஒரு பவுனைத் தாண்டும். சேதாரம் எந்த நகைக்கும் உண்டு, சரி. கல்லுக்கும் அரக்குக்கும் சேதாரம் போட்டார்களே, அதுதான் இன்றுவரை செரிக்கவில்லை.

ஹால்மார்க் நகை என்றால் தங்கத்தின் நிகர எடையைப் பில்லில் தனியாக எழுத வேண்டும். கல் எடையும் கல் விலையும் வேறு வரியில் வரட்டும். நகையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இலக்கத்தில் எச்யூஐடி என்ற அடையாளக் குறி இருக்கும்; அதை அரசின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் 916, அதாவது 22 காரட் தானா என்று தெரிந்துவிடும். ஆனால் கடைக்காரர் எந்த எடைக்கு விலை போட்டார் என்பதைச் செயலி சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் பணம் கட்டுவதற்கு முன்னால்.

'சேதாரம் இல்லை' போர்டு

அதைச் செய்கூலியில் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.



 

கோயில் நகையை முதலீடு என்று நினைப்பது

நம் நாகர்கோவில் வடசேரியில் கையால் செய்கிற கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வெள்ளியில் கெம்புக்கல் பதித்து, மேலே தங்கத் தகடு போர்த்திச் செய்வது வழக்கம். கொள்ளை அழகு. பரதநாட்டியம் ஆடுகிற மகளுக்குத் தாராளமாக வாங்குங்கள். பவுன் கணக்குப் போட்டு அடகுக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

24ஆம் தேதி சாயங்காலம் வருவது

அன்றைக்கு எனக்கே உங்களிடம் பேச நேரம் இருக்காது.