உப்புநீர்த் தொட்டியில் பாறைக்குப் பின்னால் தண்ணீரை ஓடவைப்பது

தருமபுரியில் என் வீட்டிலுள்ள நான்கடி உப்புநீர்த் தொட்டியில், வாரந்தோறும் தண்ணீர் மாற்றியும் முதல் ஆண்டு முழுவதும், மீன் கழிவும் மிச்ச உணவும் சிதைந்து உண்டாகும் நைட்ரேட் இறங்கவே இல்லை. ஒருநாள் இரவில் பக்கக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், பின்கண்ணாடியில் சாய்த்து அடுக்கியிருந்த பாறைகளின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல் சேர்ந்திருந்ததும், அதன்மேல் கருஞ்சிவப்புப் படலம் படர்ந்திருந்ததும் தெரிந்தன. இத்தனைக்கும், முன்பக்க வேவ்மேக்கர் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) மீன்களையே தள்ளும் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் பலரும் இன்னும் பெரிய பம்பை வாங்குகிறார்கள். பாறை வழிவிடாத இடத்தில் அந்தச் செலவு வீண் என்பது என் கருத்து.

முதலில், தூளாக்கிய மீன் உணவைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் செருகிப் பாறைக்குப் பின்னால் விட்டுப் பாருங்கள். தூள் எங்கே நகராமல் அப்படியே படிகிறதோ, அங்கே ஓட்டமில்லை.

அடுத்து, பாறைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே உள்ளங்கை நுழையுமளவு, அதாவது 7 முதல் 10 செ.மீ. வரை, இடைவெளி விடவேண்டும். ஓரங்குல பி.வி.சி. பைப்பை 5 செ.மீ. துண்டுகளாக அறுத்து, அடிக்கண்ணாடியில் கால்களாக நிறுத்தி, அவற்றின்மேல் பாறையை அமர்த்தினால், 2 அல்லது 3 செ.மீ. மணல் பரப்பிய பிறகும் அடியில் தண்ணீர் புகும். கால்களின் பக்கச்சுவரிலும் துளையிடுங்கள். இல்லாவிட்டால் அவற்றுக்குள்ளேயே தண்ணீர் தேங்கும். பழைய தொட்டியில் எல்லாப் பாறைகளையும் ஒரே நாளில் நகர்த்தக் கூடாது. கறுத்த மணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளிப்பட்டு மீன்கள் சாகலாம் என்பதால், வாரம் ஒரு பகுதியாக, வண்டலைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு நகர்த்துவதே நல்லது. கூடுதல் பாறை வேண்டுமானால், துளைகள் நிறைந்த செயற்கைப் பாறையை வாங்குங்கள். நம் பக்கத்துக் கருங்கல் இறுகியது, உள்ளே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேற இடமில்லை. கடலிலிருந்து பவளக்கல் எடுத்துவருவதோ 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சம்ப், அதாவது தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி, உள்ளவர்கள், அதிலிருந்து தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பின் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) மற்றும் வால்வைப் பொருத்தி, அரை அங்குல பி.வி.சி. பைப்பைப் பாறைக்குப் பின்னால் மணலுக்கு 4 செ.மீ. மேலே படுக்கவைத்து, முனையை எண்ட் கேப்பால் அடைக்கலாம். அதில் 4 மி.மீ. துளைகள் 10 அல்லது 12 போதும். அதற்குமேல் கூட்டிக்கொண்டே போனால் துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பை மிஞ்சி, பம்புக்கு அருகிலுள்ள துளைகளில் மட்டும் தண்ணீர் பீறிட்டுக் கடைசித் துளைகள் சும்மா கிடக்கும். துளைகள் சற்று மேல்நோக்கிப் பாறையைப் பார்த்திருக்கட்டும். மணலைப் பார்த்தால் பள்ளம் பறிக்கும். தொட்டிக்குள் இருக்கும் இணைப்புகளைப் பசை போடாமல் இறுக்கிச் செருகினால், கழற்றிக் கழுவ எளிது.

இவ்வளவு தாழ்வாகக் குழாய் இருப்பதால், மின்சாரம் போனதும் தொட்டித் தண்ணீர் அதன் வழியே சம்புக்கு இறங்கத் தொடங்கும். இதைத் தடுக்க, செங்குத்தாக இறங்கும் குழாயில் நீர்மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே 6 மி.மீ. துளை ஒன்று அவசியம். மட்டம் அதற்குக் கீழே வந்ததும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். என் தொட்டியில் அந்தத் துளையைப் பாசி அடைத்திருந்த ஒரு மாலையில் மின்வெட்டு வந்து, கூடம் முழுக்க உப்புத்தண்ணீர் நின்றது. வாரம் ஒருமுறை அதைக் குத்திவிட்டு, பம்பை நிறுத்திச் சம்ப் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்ப் இல்லாதவர்கள், பின்மூலையில் பக்கக் கண்ணாடியில் சிறிய வேவ்மேக்கர் ஒன்றை ஒட்டி, அந்த இடைவெளியின் நீளவாக்கில் தண்ணீரைத் தள்ளலாம். 200 லிட்டர் தொட்டிக்கு எல்லாப் பம்புகளும் சேர்ந்து மணிக்கு 4,000 லிட்டர் ஓட்டம் நல்ல தொடக்கம். ஒவ்வொரு பம்பும் கொஞ்சம் சூட்டைச் சேர்க்கும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் வெப்பமானியைக் கவனியுங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரை மட்டுமே ஊற்றவேண்டும். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்புகளும் ஃபுளோரைடும் ஆவியாகாமல் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டு போகும்.

மூன்று மாதம் கழித்து, தண்ணீர் மாற்றுவதற்கு முன் அதே சிரிஞ்சால் பாறைக்குப் பின்னால் ஊதிப் பாருங்கள். கலங்கல் எழாத இடத்தைத் தொடவேண்டாம். எழும் இடத்துக்கு நேரான துளையை மட்டும் 5 மி.மீ. அளவுக்கு விரித்துவிடுங்கள்.