அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்களா? முதலில் பணத்தைப் பேசுங்கள்

பிளஸ் டூ முடித்ததும் ஹார்வர்டு, எம்ஐடி மாதிரி இடங்களுக்கு முயற்சி செய்யலாமா என்று கேட்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது வீட்டு வருமானத்தைத்தான். மார்க் எல்லாம் அப்புறம். இங்கிருந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கு எந்தக் கல்லூரி பொருந்தும் என்பது ரேங்கிங் பட்டியலில் இல்லை, வெளிநாட்டு மாணவருக்கு அந்தக் கல்லூரி எப்படிப் பண உதவி தருகிறது என்பதில் இருக்கிறது. இது தெரியாமல் பதினைந்து, இருபது கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு, கடைசியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் விட்டுவிடும் குடும்பங்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கணக்கைச் சொல்கிறேன். கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இந்தக் கல்லூரிகளில் ஒரு வருடச் செலவு 85,000, 90,000 டாலர் என்று போய்விட்டது. நம் பணத்தில் வருடம் 70 லட்சத்தைத் தாண்டும். பயப்பட வேண்டாம், அது முழுப் பணமும் கட்டுபவர்களுக்கான தொகை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின், பிரவுன், நோட்டர் டேம் ஆகியவை வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்டிருக்கிறாரா இல்லையா என்று பார்க்காமலே சேர்க்கை முடிவை எடுக்கின்றன. சேர்த்துக்கொண்ட பிறகு, உங்கள் குடும்பத்தால் கட்ட முடியாத மிச்சத் தொகை முழுவதையும் கல்லூரியே ஏற்றுக்கொள்கிறது. இணையத்தில் நீட்-பிளைண்ட் (need-blind) என்று தேடினால் இந்த விவரம் வரும். டார்ட்மத்தும் போடினும் 2022-ல்தான் இதை வெளிநாட்டவருக்கும் விரிவுபடுத்தின. பிரவுனும் நோட்டர் டேமும் 2025-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து தொடங்கியிருக்கின்றன. ஆக, நான்கைந்து வருடம் முன்னால் யாராவது சொன்ன பட்டியல் இப்போது உதவாது, ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் நீங்களே போய்ப் பாருங்கள். மளிகைக் கடை வைத்து வருடம் ஆறேழு லட்சம் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றில் இடம் கிடைத்தால், வீட்டிலிருந்து போக வேண்டிய தொகை மிகச் சொற்பமாக இருக்கும். விமான டிக்கெட்டைக்கூடப் பல கல்லூரிகள் கணக்கில் சேர்க்கின்றன.

அடுத்த வகை ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா, டியூக் போன்றவை. சேர்த்துக்கொண்டால் தேவை முழுவதும் தருவார்கள், ஆனால் உதவி கேட்டிருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள், அதனால் போட்டி இன்னும் கடுமை. 'முதலில் கேட்காமல் உள்ளே போய்விடு, அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்' என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் விண்ணப்பிக்கும்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர் நான்கு வருடமும் கேட்க முடியாது. மூன்றாவது வகை, பெர்க்லி, யூசிஎல்ஏ உள்ளிட்ட கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள். அருமையான இடங்கள்தான், ஆனால் வெளிநாட்டு மாணவரின் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி அங்கே கிட்டத்தட்ட இல்லை. பணம் கட்ட முடியாத வீடு என்றால் அந்த விண்ணப்பத்துக்குப் போகும் நேரத்தை மிச்சம் பிடியுங்கள்.

பட்டியல் போடும்போது ஆம்ஹர்ஸ்ட், போடின், வில்லியம்ஸ், சுவார்த்மோர், பொமோனா மாதிரி சின்னக் கல்லூரிகளை ஒதுக்கிவிடாதீர்கள். நம் ஊரில் பெயர் தெரியாது, சொந்தக்காரர்களிடம் சொன்னால் 'அது எங்கே இருக்கு?' என்பார்கள். மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவில் படிக்கும், பேராசிரியர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடங்கள் அவை. அதே சமயம் உண்மையையும் சொல்லிவிட வேண்டும்: ஹார்வர்டு, எம்ஐடியில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் நான்கைந்து பேருக்குத்தான் இடம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் குறைவு. ஆகவே ஜேஇஇ, பொறியியல் கலந்தாய்வு எதையும் கைவிடக் கூடாது. அமெரிக்க முடிவுகள் மார்ச் கடைசிக்குள் வந்துவிடும், நம் ஊர்க் கலந்தாய்வு அதற்குப் பிறகுதான், இரண்டும் மோதாது. மருத்துவம்தான் லட்சியம் என்றால் மட்டும் வேறு கதை, அங்கே மருத்துவக் கல்லூரிக்கே நான்கு வருடப் பட்டப்படிப்பு முடித்த பிறகுதான் போக முடியும், வெளிநாட்டவரை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகளும் கொஞ்சம்தான்.

பண உதவிக்குப் பெரும்பாலான கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தைக் கேட்கும். அப்பா, அம்மா உட்கார்ந்து நிரப்ப வேண்டிய படிவம் அது. வருமான வரிக் கணக்கு, ஃபார்ம் 16, வங்கி இருப்பு, வீட்டின் மதிப்பு, கடன் எல்லாம் போகும். வரி இல்லை என்பதற்காக விவசாய வருமானத்தை விட்டுவிடக் கூடாது, அதையும் எழுத வேண்டும். தாத்தா பெயரில் இருக்கும் பிரிக்காத நிலம், சீட்டுப் பணம், தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மாதிரி அமெரிக்கக் கட்டத்துக்குள் அடங்காத விஷயங்களுக்குக் கடைசியில் விளக்கம் எழுத இடம் இருக்கிறது, அங்கே நேராக, சுருக்கமாக எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் கல்லூரிக்கு 75 முதல் 90 டாலர், பத்துக் கல்லூரி என்றால் அதுவே பெரிய தொகை. கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கேட்டதற்காக யாரும் குறைத்து மதிப்பிடுவதில்லை.

இப்போது நம் பிள்ளைகளுக்கென்றே இருக்கும் ஒரு சிக்கல்: பெயர். மதிப்பெண் சான்றிதழில் 'க. கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் கே', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் கண்ணன்' என்று மூன்று விதமாக இருக்கும். இங்கே யாருக்கும் இது பிரச்சினையே இல்லை, அங்கே ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள். பதினோராம் வகுப்பிலேயே பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள், எடுக்கும்போதே இனிஷியலை விரித்து அப்பா அல்லது அம்மா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியாது' என்பதற்கான எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து வந்து உட்காரும், அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்குவதுவரை அது கூடவே வரும். பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எஸ்ஏடி என்ற சேர்க்கைத் தேர்வுக்கான பதிவிலும், பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப்பிலும் போடுங்கள். சான்றிதழில் இருக்கும் பெயரும் இதே மாணவர்தான் என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்ஏடி பற்றி நிறைய சொல்ல ஒன்றுமில்லை. இப்போது மடிக்கணினியில் எழுதும் தேர்வு, 2 மணி 14 நிமிடம், மொத்தம் 1600. கொரோனாவின்போது வேண்டாம் என்றிருந்த எம்ஐடி 2022-லேயே மறுபடி கட்டாயமாக்கியது, ஹார்வர்டு, டார்ட்மத், பிரவுன், ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் எல்லாம் அதற்குப் பின்னால் திரும்பிவிட்டன. கணிதம் நமக்கு வந்துவிடும், ஆங்கில வாசிப்புக்குத்தான் உழைக்க வேண்டும். கான் அகாடமி இணையதளத்தில் பயிற்சி இலவசம், அதுவே போதும். பதினோராம் வகுப்பு முடிந்த கையோடு எழுதுங்கள், 1500-ஐ நன்றாகத் தாண்டிவிட்டால் இன்னும் இருபது மார்க்குக்காக மறுபடி எழுதுவது வீண்.

இதைவிடப் பெரிய வேலை பள்ளிக்கூட ஆபீஸில் இருக்கிறது. காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 1, வழக்கமானதற்கு ஜனவரி முதல் வாரம். நம் பள்ளிகளில் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, அது முடிந்ததும் விடுமுறை, தலைமையாசிரியர் ஊரில் இருக்க மாட்டார், ஆபீஸ் பூட்டியிருக்கும். சரியாக அந்த வாரத்தில்தான் கடைசித் தேதி வருகிறது! எனவே உங்கள் விண்ணப்பம் எப்போது முடிந்தாலும் சரி, பள்ளி அனுப்ப வேண்டியவை நவம்பருக்குள் போயாக வேண்டும். பள்ளி சார்பில் இவற்றை அனுப்ப வேண்டியவர் கவுன்சலர். அப்படி ஒருவர் பள்ளியில் இல்லையென்றால் தலைமையாசிரியரையோ துணைத் தலைமையாசிரியரையோ அந்த இடத்தில் போடலாம். காமன் ஆப்பிலிருந்து அவருக்கு மின்னஞ்சல் போகும், அது ஸ்பேமில் கிடக்கும், அவரும் பார்த்திருக்க மாட்டார். ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மின்னஞ்சலைத் தேடியெடுத்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்களை லெட்டர்ஹெட்டில் அடித்து, முத்திரை, கையெழுத்தோடு ஸ்கேன் செய்து ஏற்றும்வரை கூட இருங்கள். மதிப்பெண்ணை ஜிபிஏ என்ற அமெரிக்கப் புள்ளிச் சராசரியாக மாற்ற வேண்டாம், நூற்றுக்கு எவ்வளவோ அப்படியே போகட்டும். கூடவே பள்ளியைப் பற்றி ஒரு பக்கம்: எந்த வாரியம், எத்தனை மாணவர்கள், என்னென்ன பாடப்பிரிவு, எப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்கள் பள்ளியிலிருந்து யாருமே அமெரிக்கா போனதில்லை என்பது குறையில்லை. இருந்த வசதிக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள், இருந்த வசதி என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு பாட ஆசிரியர்கள் வேண்டும். 'நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்' என்று சார் அன்பாகத்தான் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குரலிலேயே எல்லாக் கடிதமும் போனால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும், நேர்மையும் இல்லை. அதற்குப் பதிலாக ஜூலையிலேயே போய், 'சார், அந்தக் கரும்பலகைக் கணக்கில் நீங்கள் போட்ட வழியைவிடச் சின்ன வழி இருக்கு என்று சொன்னேனே, அதைப் பற்றி எழுதுங்கள்' என்று அவர் நினைவில் இருக்கும் மூன்று சம்பவங்களைத் தமிழிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் எழுதும் கடிதத்தில் ஆங்கிலம் பிசிறாக இருந்தாலும் பரவாயில்லை. 'ஒழுக்கமான, கடின உழைப்பாளி மாணவர்' என்ற கடிதத்தால் யாருக்கும் இடம் கிடைத்ததில்லை.

செயல்பாடுகள் பகுதியில் பத்து இடம், ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான், ஆங்கில எழுத்தும் இடைவெளியும் சேர்த்து. இங்கே நம் பிள்ளைகள் அநியாயமாகத் தங்களைக் குறைத்துக்கொள்கிறார்கள். டென்னிஸ் இல்லை, பியானோ இல்லை, அதனால் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். காமன் ஆப்பில் குடும்பப் பொறுப்பு, சம்பள வேலை என்றே தனி வகை இருக்கிறது. 'அப்பாவுக்குக் கடையில் உதவி' என்று எழுதினால் எதுவும் தெரியாது. 'பள்ளி முடிந்து தினம் 3 மணி நேரம் கடை. 60 பேரின் கடன் நோட்டைக் கணினிக்கு மாற்றினேன். பழைய பாக்கி பாதி வசூல்' என்று எழுதினால் ஒரு ஆள் தெரிகிறார். கணிதத்தில் உண்மையாகவே பித்து இருந்தால் ஒலிம்பியாட் வரிசையில் முதல் படியான ஐஓக்யூஎம் எழுதுங்கள், எம்ஐடி போன்ற இடங்களில் அதற்கு மதிப்பு உண்டு. பதினோராம் வகுப்பில் திடீரென்று தொண்டு நிறுவனம் தொடங்குவது, காசு கட்டினால் கட்டுரை போடும் இதழில் 'ஆராய்ச்சி' வெளியிடுவது, இரண்டும் வேண்டாம். தினம் நூறு விண்ணப்பத்தில் அதையே பார்ப்பவர்கள் சேர்க்கை அதிகாரிகள்.

முக்கியக் கட்டுரைக்கு 650 சொல் உச்சவரம்பு. வறுமையை விற்காதீர்கள், மறைக்கவும் வேண்டாம். நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், பார்த்ததும் என்ன யோசிக்கிறீர்கள் என்பது தெரிய வேண்டும், அதற்குச் சின்ன விஷயமே போதும். முதலில் தமிழில் வாய்விட்டுப் பேசிப் பதிவு செய்து, அப்புறம் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், மனப்பாடக் கட்டுரை வாடை போய்விடும். ஏஐயை எழுதச் சொல்லாதீர்கள், அது எழுதியதை உங்களுடையதாகக் கொடுப்பதைக் காமன் ஆப் மோசடி என்றே வகைப்படுத்துகிறது. அதன்பின் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனிக் குறுங்கட்டுரைகள் உண்டு, உண்மையான உழைப்பு அங்கேதான் போகும். ஸ்டான்ஃபோர்டு உங்கள் வருங்கால அறைத்தோழருக்கு ஒரு குறிப்பு எழுதச் சொல்கிறது. எம்ஐடி காமன் ஆப்பிலேயே இல்லை, அதற்கு விண்ணப்பமே தனி. பத்துக் கல்லூரி என்றால் இருபது, முப்பது குறுங்கட்டுரை, ஜேஇஇ கோச்சிங்கோடு சேர்த்து. காலாண்டு விடுமுறைக்குள் பாதியாவது முடித்துவிடுங்கள்.

லட்சக்கணக்கில் கேட்கும் கன்சல்டன்சிகளைப் பற்றி ஒரே வார்த்தை: இந்தக் கல்லூரிகள் ஏஜென்ட் வழியாக யாரையும் சேர்ப்பதில்லை. சந்தேகம் கேட்க அமெரிக்க அரசின் எஜுகேஷன் யூஎஸ்ஏ மையம் சென்னையிலேயே இருக்கிறது, ஆலோசனை இலவசம். போலி ஆவணம் தயாரித்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அப்பா இறந்துவிட்டதாகப் போலிச் சான்றிதழ் வைத்து லீஹை பல்கலைக்கழகத்தில் முழு உதவியோடு சேர்ந்த ஓர் இந்திய மாணவர் 2024-ல் கைதாகி, நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இடம் கிடைத்தால், உதவித் தொகைக் கடிதத்தை அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள்: மருத்துவக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா, பயணச் செலவு இருக்கிறதா, கடன் என்று ஏதாவது ஒளிந்திருக்கிறதா. போதவில்லை என்றால் மே 1-க்கு முன்னால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், ஆவணத்தோடு கேட்டால் மறுபரிசீலனை செய்வது அங்கே வழக்கம்தான். விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்ததும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் கட்டி விசா நேர்காணலுக்கு உடனே தேதி வாங்குங்கள், கோடையில் கூட்டம் அதிகம். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் தெரியும்படி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், தேதி வாங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அதிகாரி கேட்கப்போவது இரண்டு மூன்று கேள்விதான்: ஏன் இந்தக் கல்லூரி, செலவை யார் ஏற்கிறார்கள், படித்து முடித்து என்ன செய்யப் போகிறீர்கள். உதவித் தொகைக் கடிதம் கோப்பில் மேலாக இருக்கட்டும்.