பெரிய கட்டுமான ஒப்பந்த நிறுவனத்தின் கணக்கைப் படிப்பது எப்படி? முதல்முறை பார்ப்பவர்களுக்கான செய்முறை

பாலம், அணை, சுரங்கப்பாதை, மெட்ரோ என்று கட்டித் தருகிற ஒரு பெரிய ஒப்பந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது இரண்டே எண்கள்: கையில் இருக்கும் ஆர்டர் எவ்வளவு, லாபம் எவ்வளவு. நானும் அந்த இரண்டை வைத்துத்தான் தொடங்கினேன். ஆர்டர் மலைபோல் கிடக்கிறது, லாபம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கிப் போட்டேன். ஒன்றரை ஆண்டில் போட்ட பணம் பாதியானது. பழைய அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தால், வரப்போகிற சிக்கல் அதிலேயே அச்சாகியிருந்தது. நான் புரட்டாத பின்பக்கக் குறிப்புகளில்.

இந்தப் பதிவு அந்தப் பின்பக்கங்களைப் பற்றியது. கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். கடைசி மூன்று ஆண்டறிக்கைகளையும் ஓர் எக்செல் தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: ஆர்டர் புக்கைப் பிரித்துப் பாருங்கள்

ஆர்டர் புக் என்பது கையெழுத்தாகி, இன்னும் முடிக்காமல் மீதமிருக்கும் வேலையின் மதிப்பு. அதை ஓராண்டு வருவாயால் வகுங்கள். ஆர்டர் 30,000 கோடி, வருவாய் 12,000 கோடி என்றால் விடை 2.5. அதாவது புது வேலை எதுவும் வராவிட்டாலும் இரண்டரை ஆண்டுக்கு வேலை இருக்கிறது.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். அதற்குள் நான்கு வகை ஆர்டர்கள் கலந்து கிடக்கும். ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஒன்று. நிலம் கைக்கு வராமலோ, வனத்துறை அனுமதி கிடைக்காமலோ, வாடிக்கையாளரிடம் நிதி இல்லாமலோ தூங்கும் வேலை இன்னொன்று. கட்டி முடித்த பிறகு பதினைந்து இருபது ஆண்டுகள் பராமரித்துத் தரும் ஒப்பந்தம் மூன்றாவது. இது ஆர்டர் புக்கைப் பெருக்கிக் காட்டும், ஆனால் வருவாய் துளித்துளியாகத்தான் வரும். நான்காவது, இன்னும் கையெழுத்தே ஆகாத, 'கிடைத்துவிடும்' என்று நிர்வாகம் நம்புகிற வேலை.

பிரிட்டனின் காரில்லியன் நிறுவனம் 2016 ஆண்டறிக்கையில் சுமார் 16 பில்லியன் பவுண்டு ஆர்டர் காட்டியது. வருவாய் 5.2 பில்லியன். மூன்றாண்டு வேலை கையில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் அந்த 16 பில்லியனில் 'கிடைக்க வாய்ப்புள்ளவை'யும் சேர்ந்திருந்தன. 2018 ஜனவரி 15 அன்று நிறுவனம் கலைப்புக்குப் போனது. இந்தப் பெயர் கீழே மறுபடி வரும்.

படி 2: லாபம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

சோப்பு விற்பவருக்கு லாபம் விற்ற அன்றே தெரிந்துவிடும். நான்கைந்து ஆண்டு ஓடும் பாலம் அப்படியில்லை. ஒவ்வொரு காலாண்டிலும் 'வேலை எத்தனை சதவீதம் முடிந்தது' என்று கணித்து, அந்த அளவுக்கு வருவாயையும் லாபத்தையும் எழுதுகிறார்கள். எத்தனை சதவீதம் என்பதைப் பெரும்பாலும் இப்படிக் கண்டுபிடிப்பார்கள்: இதுவரை ஆன செலவு, வகுத்தல் மொத்தம் ஆகப்போகிற செலவு.

ஒரு பாலம். ஒப்பந்தத் தொகை 1,000 கோடி. மொத்தச் செலவு 920 கோடி ஆகும் என்று மதிப்பீடு. இதுவரை 460 கோடி செலவாகியிருக்கிறது. 460-ஐ 920-ஆல் வகுத்தால் 50 சதவீதம். ஆகவே வருவாய் 500 கோடி, லாபம் 40 கோடி என்று எழுதியாகிவிட்டது. பங்குதாரர்களுக்கு டிவிடெண்டும் போய்விட்டது.

அடுத்த காலாண்டில் ஆற்றுக்குள் ஒரு தூணுக்குப் பைல் (தரைக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தண்டு) இறக்கும்போது, எதிர்பார்த்த ஆழத்தில் பாறை கிட்டவில்லை. இன்னும் ஆழமாகப் போக வேண்டும், துளையிடும் ரிக் இயந்திரத்தின் வாடகை நீளும், வெள்ளம் வந்தால் ஒரு பருவமே போய்விடும். மொத்தச் செலவை 1,020 கோடி என்று திருத்துகிறார்கள். இப்போது இது 20 கோடி நஷ்டமாகப் போகிற ஒப்பந்தம். நஷ்டம் வரும் என்று தெரிந்த அன்றே அதை முழுவதுமாக எழுத வேண்டும் என்பது கணக்கியல் விதி. முன்பு எழுதிய 40 கோடி லாபத்தையும் திருப்பி எடுக்க வேண்டும். ஒரே காலாண்டில் 60 கோடி அடி, அதுவும் ஒரே பாலத்தில்.

அந்த 920 என்ற எண்ணைச் சொன்னது யார்? திட்ட மேலாளரும் தலைமை அலுவலகமும் சேர்ந்து. அதை 20 கோடி குறைத்துச் சொன்னால் இந்த ஆண்டு லாபம் கூடும். உண்மை தெரிய இரண்டு ஆண்டு ஆகும். ஏமாற்றும் எண்ணமே வேண்டியதில்லை. 'எப்படியும் சமாளித்துவிடலாம்' என்ற நினைப்பே போதும்.

ஆகவே உங்கள் தாளில் லாப விகிதத்தை மொத்தமாக எழுதாமல், சாலை, நீர், மெட்ரோ, கட்டடம் என்று பிரிவுவாரியாக எழுதுங்கள். ஒரே பிரிவு மற்ற போட்டியாளர்களைவிட எப்போதும் இரண்டு மூன்று சதவீதம் அதிகம் காட்டினால், அதற்குத் தனித் தொழில்நுட்பம் ஏதாவது காரணமா என்று பாருங்கள். காரணம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

படி 3: எழுதிய வருவாய் பணமாக வந்ததா?

வேலை முடிந்ததும் பணம் வந்துவிடாது. அளவெடுக்க வேண்டும், வாடிக்கையாளரின் பொறியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும், பிறகு அதுவரை முடிந்த வேலைக்கான ரன்னிங் பில், பிறகு பிடித்தம் போக மீதி. இந்த ரிட்டென்ஷன் பிடித்தம் வழக்கமாக 5 முதல் 10 சதவீதம். குறைபாடுகளுக்கான பொறுப்புக் காலம் முடிந்தால்தான் முழுவதும் கைக்கு வரும்.

இருப்புநிலைக் குறிப்பில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று வரவேண்டிய பாக்கி. பில் போட்டாயிற்று, பணம் வரவில்லை. மற்றது 'ஒப்பந்தச் சொத்துகள்' என்றோ 'பில் போடாத வருவாய்' என்றோ இருக்கும். வேலை முடிந்தது என்று நிறுவனம் சொல்கிறது, வாடிக்கையாளர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் கூட்டி, வருவாயால் வகுத்து, 365-ஆல் பெருக்குங்கள்.

போன ஆண்டு பாக்கியும் பில் போடாததும் சேர்ந்து 4,400 கோடி, வருவாய் 10,000 கோடி: 161 நாள். இந்த ஆண்டு 6,500 கோடி, வருவாய் 12,000 கோடி: 198 நாள். வருவாய் 20 சதவீதம் வளர்ந்தது என்று தலைப்புச் செய்தி வரும். பணம் வர இன்னும் 37 நாள் கூடுதலாகிறது என்பது எந்தத் தலைப்பிலும் வராது. கூடியதில் பெரும்பங்கு பில் போடாத வருவாய் என்றால், படி 2-இல் சொன்ன மதிப்பீட்டுச் சிக்கல் எங்கோ உருவாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி. புது ஒப்பந்தம் கிடைத்தால், வேலையைத் தொடங்க வாடிக்கையாளர் தரும் முன்பணமான மொபிலைசேஷன் அட்வான்ஸ் வரும். ஆர்டர் வேகமாக வரும் காலத்தில் அந்த அட்வான்ஸை வைத்துப் பழைய வேலையின் சப் காண்டிராக்டருக்குப் பணம் கொடுத்துக்கொண்டே போகலாம். பணப்புழக்கம் ஜோராகத் தெரியும். ஆர்டர் ஓராண்டு நின்றால் போதும், எல்லாம் ஒரே நேரத்தில் இறுகும். அதனால் செயல்பாட்டுப் பணவரவிலிருந்து (அன்றாடத் தொழிலில் வந்த பணத்தில் செலவு போக மீதி) அட்வான்ஸ் எவ்வளவு கூடியது என்பதைக் கழித்துவிட்டு, மூன்று ஆண்டுக் கூட்டலை மூன்று ஆண்டு லாபக் கூட்டலோடு ஒப்பிடுங்கள். ஓராண்டை மட்டும் பார்ப்பதில் பயனில்லை.

படி 4: கடன், ஆண்டின் கடைசி நாளில் மட்டும் இல்லை

மார்ச்சிலோ டிசம்பரிலோ கணக்கு முடிக்கும் வாரத்தில் எல்லா வாடிக்கையாளரையும் துரத்திப் பிடித்துப் பணம் வசூலிப்பார்கள். தாங்கள் கொடுக்க வேண்டியதை அடுத்த மாதம் என்பார்கள். அந்த ஒரு நாளில் கடன் அழகாகத் தெரியும்.

காரில்லியன் 2016 முடிவில் காட்டிய நிகரக் கடன் (கடனில் கையிருப்பு ரொக்கத்தைக் கழித்தது) 219 மில்லியன் பவுண்டு. அதே ஆண்டின் சராசரி நிகரக் கடன் 587 மில்லியன். இரண்டும் அதே அறிக்கையில்தான் இருந்தன. 2017 ஜூலையில், ஒப்பந்தங்களில் வரும் நஷ்டத்துக்காக 845 மில்லியன் பவுண்டு ஒதுக்க வேண்டியிருக்கிறது என்று அறிவித்தது. கலைப்புக்குப் போனபோது கையில் இருந்த ரொக்கம் 29 மில்லியன், பொறுப்புகள் கிட்டத்தட்ட 7 பில்லியன்.

எல்லா நிறுவனமும் சராசரிக் கடனைச் சொல்வதில்லை. அப்போது வட்டிச் செலவைக் கடனால் வகுத்துப் பாருங்கள். 1,000 கோடிக் கடனுக்கு 220 கோடி வட்டி என்று வந்தால், ஆண்டு நடுவில் கடன் அதைவிட நிறைய இருந்திருக்கிறது. சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் ஆகிறது என்பதையும் எழுதுங்கள். காரில்லியன் 120 நாள் வரை இழுத்தது. அதுவும் ஒருவகைக் கடன்தான், பெயர் வேறு.

ஒப்பந்ததாரர் சொன்னபடி செய்யாவிட்டால் வாடிக்கையாளருக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் வங்கி உத்தரவாதங்கள் கணக்குக்கு வெளியே 'எதிர்பாராப் பொறுப்புகள்' என்ற குறிப்பில் இருக்கும். வங்கி இந்த உத்தரவாதங்களின் வரம்பைக் குறைத்தால் புது டெண்டரே போட முடியாது.

படி 5: க்ளெய்ம்களைத் தனியே எடுத்து வையுங்கள்

'கூடுதல் செலவுக்கு நீங்கள்தான் காரணம், ஈடு கொடுங்கள்' என்று ஒப்பந்ததாரர் வாடிக்கையாளரிடம் கேட்பது க்ளெய்ம். இது இல்லாத பெரிய திட்டமே கிடையாது. கேட்ட தொகையை வருவாயாக எழுதிவிட்டார்களா என்பதுதான் கேள்வி. ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை, பின்னால் பெருமளவு திருப்பி எடுக்க நேராது என்பது மிகவும் உறுதியானால்தான் எழுதலாம் என்கிறது. அந்த 'மிகவும் உறுதி'யை எடைபோடுவது நிர்வாகம்.

பனாமா கால்வாயின் புதிய நீர்ப்பூட்டுகளுக்கான (கப்பல்களை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் கதவடைப்புத் தொட்டிகள்) ஒப்பந்தம் 2009-இல் ஸ்பெயினின் சசீர் தலைமையிலான கூட்டமைப்புக்குப் போனது, சுமார் 3.1 பில்லியன் டாலருக்கு. டெண்டரில் அடுத்த இடத்தில் இருந்த, அமெரிக்காவின் பெக்டெல் குழு கேட்டது அதைவிட ஒரு பில்லியனுக்கும் மேல் அதிகம். 2013 முடியும்போது கூட்டமைப்பு 1.6 பில்லியன் டாலர் கூடுதல் செலவு என்று கையை நீட்டியது. 2014 பிப்ரவரியில் வேலை சுமார் இரண்டு வாரம் நின்றது. விரிவாக்கிய கால்வாய் 2016 ஜூனில் திறந்தது. கூடுதல் செலவு குறித்த வழக்கு அதற்குப் பிறகும் ஓடியது. டெண்டர் திறந்த அன்று இரண்டாமவருக்கும் முதலாமவருக்கும் இருந்த இடைவெளியே பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. உங்கள் நிறுவனம் வென்ற பெரிய டெண்டர்களில் இந்த இடைவெளி வெளியாகியிருந்தால் கட்டாயம் குறித்து வையுங்கள்.

படி 6: இனி எப்படி இருக்கும்?

நிர்வாகத்தின் முன்னுரையைத் தாண்டிப் போங்கள். அதில் எல்லா ஆண்டும் 'வாய்ப்புகள் பிரகாசம்'.

அந்த ஆண்டு வந்த புது ஆர்டரை அந்த ஆண்டு வருவாயால் வகுங்கள். ஒன்றுக்குக் கீழே இரண்டு ஆண்டு தொடர்ந்தால் வருவாய் சுருங்கப் போகிறது. வாடிக்கையாளர் யார் என்று பாருங்கள். ஒரே அரசின் பட்ஜெட்டை நம்பிப் பாதி ஆர்டர் என்றால், அங்கே தேர்தலோ நிதி நெருக்கடியோ வந்தால் சைட்டுகள் ஓய்ந்துவிடும். ஒப்பந்தங்களில் எத்தனை பங்குக்கு விலையேற்ற ஈடு உண்டு, எத்தனை நிலையான விலை என்பதைத் தேடுங்கள். ஸ்டீல், சிமெண்ட், தார், டீசல் ஏறும் காலத்தில் நிலையான விலை ஒப்பந்தக்காரர்தான் முதலில் அடிவாங்குவார்.

சொந்தமாகச் சுங்கச்சாலை, விமான நிலையம் வைத்திருக்கும் நிறுவனத்தைத் தனி அளவுகோலால் பாருங்கள். பிரான்சின் வின்சிக்கு 2023-இல் இப்படிக் கட்டணம் வசூலிக்கும் உரிமை ஒப்பந்தங்களிலிருந்து (கன்செஷன்) வந்த வருவாய் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு போல. இயக்க லாபத்திலோ பாதிக்கும் மேல். கட்டுமானம் மந்தமானாலும் வண்டிகள் ஓடும், சுங்கம் வரும். ஆனால் அவற்றைக் கட்ட நீண்டகாலக் கடன் வேண்டும். வட்டி ஏறினால் நிலைமை மாறும்.

படி 7: தணிக்கையாளர் எதை நெருடலாகப் பார்த்தார்?

'முக்கியத் தணிக்கை விஷயங்கள்' என்று இரண்டு மூன்று பக்கம் இருக்கும். ஒப்பந்த வருவாய் கணிப்பு அதில் எப்போதும் வரும், பயப்பட வேண்டாம். போன ஆண்டின் அதே பக்கத்தைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். புதிதாக ஒரு திட்டத்தின் பெயரோ, ஒரு குறிப்பிட்ட பாக்கியோ முளைத்திருந்தால், அந்தத் திட்டத்தை உங்கள் எக்செல் தாளில் தனி வரியாகச் சேருங்கள். அடுத்த காலாண்டு அறிக்கை வந்ததும் முதலில் அந்த வரியைத்தான் நிரப்ப வேண்டும்.